பெருந்தொற்றுக்கால மாணவர் நலமும் பன்மருந்துப் பயன்பாடும்: ஒன்றாகப் பார்க்க வேண்டிய இரு சிக்கல்கள்

கோவிட்-19 காலத்தில் மாணவர்கள் பட்ட பாட்டை இரண்டு துறைகள் தனித்தனியே பதிவு செய்தன. மனநலத் துறை அவர்களுடைய பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளந்தது. மருந்தியல் துறை, மருத்துவர் சீட்டில்லாமல் மருந்து வாங்கி விழுங்கும் பழக்கத்தைக் கண்டித்தது. ஆனால் தூக்கம் வராமல் தவித்தவரும் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டவரும் பல நேரங்களில் ஒரே மாணவர்தான். அவர் எடுத்துக்கொண்ட மருந்துகள் அனைத்தையும் ஒருசேரப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இருக்கவில்லை. அந்தப் பொறுப்பை மாணவர் நல ஆலோசனை மையங்கள் ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அறைக்குள் முடங்கிய ஆண்டுகள்

2020 மார்ச்சில் தமிழகத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. ஜூனில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. ஆகஸ்டில், கட்டணம் செலுத்தியிருந்த கல்லூரி மாணவர்களுக்கு அரியர் தேர்வுகள் ரத்து என அரசு அறிவித்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அதை எதிர்க்க, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. தாம் தேறியவரா இல்லையா என்பதே தெரியாமல் மாணவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானபோது, விடுதியில் இருந்தவர்கள் அறைகளுக்குள்ளேயே இருக்கும்படி ஆயிற்று.

இந்த நிச்சயமின்மையின் சுமை உலகெங்கும் அளக்கப்பட்டிருக்கிறது. 29 ஆய்வுகளில் இடம்பெற்ற 80,879 இளையோரின் தரவுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும் ஐவரில் ஒருவரிடம் பதற்றத்தின் அறிகுறிகளையும் கண்டது. தொற்றுக்கு முந்தைய மதிப்பீடுகளைப் போல இது ஏறத்தாழ இரு மடங்கு. இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 2019-இல் 10,335 பேர், 2020-இல் 12,526 பேர், 2021-இல் 13,089 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இந்த ஏற்றம் முழுவதையும் தொற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் எத்தனை இளையோர் உதவி எட்டாத இடத்தில் இருந்தார்கள் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

மனத்தின் வலி பெரும்பாலும் உடலின் வழியாகத்தான் முறையிடும். தலைவலி, படபடப்பு, வயிற்றுப் பொருமல், தூக்கமின்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதவைத் தட்ட வேண்டியிருந்தது. தலைவலிக்கு மெடிக்கல் ஷாப், படபடப்புக்குத் தொலைபேசியில் ஒரு மருத்துவர், தூக்கத்திற்கு அறை நண்பரிடம் மீந்திருந்த மாத்திரை, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் வைத்த கபசுரக் குடிநீர். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் ஊரடங்கில் பலருக்குக் கைகொடுத்தன. அதே சமயம், ஒரு மருத்துவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரிய வழியில்லாமலும் போயிற்று.

எண்ணிக்கை மட்டும் போதாது

ஐந்தும் அதற்கு மேலும் மருந்துகளை ஒருவர் தொடர்ந்து எடுப்பதையே பன்மருந்துப் பயன்பாடு என்று ஆய்வுலகம் பொதுவாக வரையறுக்கிறது. முதியோரை மனத்தில் கொண்டு அமைந்த அளவுகோல் இது. இளையோருக்கு இது பொருந்தாது. இரண்டு மருந்துகளே உயிருக்கு உலை வைக்கலாம்.

1984 மார்ச்சில் லிபி சயான் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலும் உடல் உதறலுமாக நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மனச்சோர்வுக்காக ஃபெனல்சின் எடுத்துவந்தவர் அவர். மருத்துவமனையில் பெத்திடின் கொடுக்கப்பட்டது. சில மணி நேரத்தில் இறந்துபோனார். இரு மருந்துகளும் மோதியதே காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது. அவர் மரணத்தையொட்டி எழுந்த விவாதம் பயிற்சி மருத்துவர்களின் பணிநேரத்தை வாரத்திற்கு 80 மணியாகக் குறைக்கும் விதியை 1989-இல் கொண்டுவந்தது. நோயாளி ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளைச் சரிபார்ப்பது யார் கடமை என்ற கேள்விக்கு அந்த விதியில் விடையில்லை.

அந்த ஆபத்தின் மென்மையான வடிவங்கள் பெருந்தொற்றுக்கால மாணவர்களுக்கு மிக அருகில் இருந்தன. மனச்சோர்வுக்கு எழுதப்படும் ஃபுளூவாக்செட்டின், இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கிறது. இரண்டும் மூளையில் செரட்டோனினைக் கூட்டுபவை. அளவு மீறினால் வியர்வை, நடுக்கம், காய்ச்சல், அமைதியின்மை, வேகமான நாடித்துடிப்பு தோன்றும். கோவிட் காலத்தில் இவற்றைப் பார்க்கும் எவரும் தொற்று என்றோ பதற்றம் என்றோதான் முதலில் நினைப்பார்; மேலும் ஒரு மருந்து சேரும்.

அப்போது பரவலாக எழுதப்பட்ட அசித்ரோமைசினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் இதயத்தின் மின்துடிப்பு இடைவெளியை நீட்டக் கூடியவை. மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டலோப்ராமும் அதையே செய்யும். வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் பொட்டாசியம் குறைந்தவருக்கு ஆபத்து இன்னும் கூடும். ஹைட்ராக்சிகுளோரோகுயினால் கோவிட் நோயாளிகளுக்குப் பலனில்லை என்பது 2020 ஜூனிலேயே பிரிட்டனின் ரிகவரி ஆய்வில் தெரிந்தது. இந்திய வழிகாட்டுதலில் இருந்து அது நீங்கியது 2021 செப்டம்பரில்தான். தேர்வுப் படபடப்புக்கு எடுக்கப்படும் ப்ரொப்ரனலால், ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சுருக்குவதோடு, அவர் இழுக்கும் சால்பூட்டமாலின் வேலையையும் கெடுக்கும்.

மிக எளிய பாரசிட்டமாலிலும் கணக்கு தவறுவதுண்டு. சளிக்கு விற்கும் பல கூட்டு மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமினோடு 500 மில்லிகிராம் பாரசிட்டமாலும் இருக்கிறது. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வேளை, சளிக்கு இந்த மாத்திரை நான்கு வேளை என்றால் ஒரு நாளில் 4,600 மில்லிகிராம் உள்ளே போகிறது. வளர்ந்தவருக்கான உச்ச அளவு 4,000. கடைக்காரர் கத்தரியால் நான்கு மாத்திரைகளை வெட்டி எடுத்துக் காகித உறையில் போட்டுத் தரும்போது, மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சான பகுதி பெரும்பாலும் கடையிலேயே நின்றுவிடுகிறது. வாங்கியவருக்கு மிஞ்சுவது மாத்திரையின் நிறம் மட்டும்.

யார் கையில் பட்டியல்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 முதல் நடப்பிலுள்ள எச்1 அட்டவணைப்படி, அல்ப்ரசோலம் போன்ற மருந்துகளை விற்கும்போது எழுதிய மருத்துவர், வாங்கியவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் பதிவேடு கடைக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. இரண்டு தெரு தள்ளியுள்ள கடைக்கு அது எட்டாது. இருமல் மருந்தையும் சளி மாத்திரையையும் அது தொடுவதே இல்லை.

மனநல மருந்துகளின் மேல் அச்சத்தைக் கிளப்புவதாக இந்த வாதத்தை எடுத்துக்கொண்டால் அது பெருந்தீங்காகும். மனச்சோர்வுக்கான மருந்துகள் உயிர் காப்பவை. திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், நோயும் திரும்பலாம். மாற்ற வேண்டியது மருந்துகள் ஒன்றையொன்று அறியாமல் உடலில் சேரும் முறையை.

தனியுரிமை பற்றிய எதிர்வாதம் வலுவானது. மனநல மாத்திரை எடுப்பது வார்டனுக்கோ வீட்டுக்கோ தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் மாணவர், காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவரிடமும் அதை மறைத்துவிடுகிறார். ஆபத்து விளைவது சரியாக அந்த இடைவெளியில்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இரகசியம் காக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. எனவே பட்டியல் நிர்வாகத்தின் கோப்பில் இருக்கக் கூடாது. மாணவரின் கையில் இருக்க வேண்டும்.

செலவு பெரிதில்லை. கல்லூரி ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே சீட்டு மருந்து, கடை மருந்து, நாட்டு மருந்து மூன்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதித் தரலாம். வாரம் ஒரு நாள் மருந்தாளுநர் ஒருவர் அப்பட்டியல்களைச் சரிபார்க்கலாம். பக்கவிளைவு தெரிந்தால் 1800-180-3024 என்ற இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண்ணிலும், மனத்துயருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் பேசலாம் என்று அத்தாளின் அடியிலேயே அச்சிடலாம். மருந்தியல் கல்லூரிகள் பல உள்ள தமிழகத்தில், அவற்றின் இறுதியாண்டு மாணவர்களை அருகிலுள்ள கல்லூரி விடுதிகளோடு இணைத்து, ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு பருவம் இதைச் சோதித்துப் பார்க்க அடுத்த தொற்றுவரை காத்திருக்கத் தேவையில்லை.