தேன்கரடி (சாமராஜநகர் மாவட்டம்)

தேன்கரடி (மெலர்சஸ் அர்சினஸ்) இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய கரடியினம். கர்நாடகத்தின் தென்கோடியில் நீலகிரி, ஈரோடு மாவட்டங்களை ஒட்டிக் கிடக்கும் சாமராஜநகர் மாவட்டத்துக் காடுகளில் வாழும் ஒரே கரடி இதுதான்.

வகைப்பாடு

ஆங்கில இயற்கையறிஞர் ஜார்ஜ் ஷா 1791இல் இவ்விலங்கை முதன்முதலில் விவரித்தார். நீண்டு வளைந்த நகங்களையும், மேல்தாடையின் நடுவில் இரு பற்கள் இல்லாததையும் கண்டு, தென்னமெரிக்க மரங்களில் தொங்கி வாழும் ஸ்லாத் இனத்தோடு இதைச் சேர்த்து, பிரடிபஸ் அர்சினஸ் எனப் பெயரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1793இல், மேயர் என்பவர் மெலர்சஸ் என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். பிரெஞ்சு விலங்கியலாளர் பிளேன்வில் 1817இல் அர்சஸ் லேபியேட்டஸ் என்ற பெயரைத் தந்தார். 19ஆம் நூற்றாண்டு வேட்டை நூல்கள் பலவற்றில் காணப்படுவது இப்பெயரே. முந்திய பெயருக்கே முதலிடம் என்னும் விதிப்படி மேயரின் பேரினப் பெயரும் ஷாவின் சிற்றினப் பெயரும் நிலைத்தன. துருவக் கரடியும் பழுப்புக் கரடியும் அடங்கிய அர்சஸ் பேரினத்திலிருந்து இது வேறானது. சிவாலிக் மலையில் கிடைத்த புதைபடிவ மண்டையோட்டை 1884இல் லைடெக்கர் விவரித்தார். அதற்குரிய விலங்கு இதன் மூதாதையாகக் கருதப்படுகிறது. இலங்கையில் வாழ்வது இனோர்னாட்டஸ் என்னும் துணையினம்; சாமராஜநகரில் உள்ளது இந்தியத் துணையினம்.

1873இல் சாமராஜநகர்ப் பகுதியில் ‘கெட்டா’ முறையில் யானை பிடிக்கும் பணியைத் தொடங்கிய ஜி. பி. சாண்டர்சன், 1878இல் வெளியிட்ட தம் நூலில் மைசூர்க் காட்டுக் கரடிகளையும் பற்றி எழுதியுள்ளார்.

உடலமைப்பு

ஆண் 80 முதல் 145 கிலோ வரையும், பெண் 55 முதல் 95 கிலோ வரையும் எடையிருக்கும். கரிய சடைமயிர், நெஞ்சில் வெளிறிய ‘வி’ வடிவப் பட்டை, வெளிர்நிற முகவாய் ஆகியவை அடையாளங்கள். துருவக் கரடிக்குள்ள அடர்ந்த உள்மயிர் இதற்கில்லை. உடலின் கட்டமைப்பு முழுதும் கறையான் உண்பதற்கேற்றது. முன்னங்கால் நகங்களால் புற்றைப் பிளந்து, புழுதியை ஊதித் தள்ளி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, நீண்ட உதடுகளைக் குழல்போல் குவித்து, பல் இல்லாத இடைவெளி வழியே உறிஞ்சும். அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

வாழிடமும் உணவும்

1973இல் புலிகள் காப்பகமான பந்திப்பூர், பிளிகிரிரங்கன் மலை, மலை மாதேசுவரன் மலை, காவிரிக் கானுயிர்ச் சரணாலயம் ஆகிய காடுகளில் இக்கரடி உண்டு. சோலைக்காட்டைவிட இலையுதிர் காட்டையும் முட்புதரையும் பாறைக் குன்றுகளையுமே நாடும். கறையான், எறும்பு, தேன் ஆகியவற்றோடு கொன்றை, நாவல், இலந்தை, அத்தி ஆகியவற்றின் பழங்களையும் பருவத்துக்கேற்பத் தின்னும். ஆண்டு முழுதும் இரை கிடைப்பதால் குளிர்கால உறக்கம் இல்லை. பிளிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் தரைத்தீயிட்டுக் காட்டைப் பேணிய வழக்கம் தடுக்கப்பட்டபின் உண்ணிச்செடி பெருகியது. அதன் பழத்தையும் கரடி உண்ணும். ஆனால் அப்புதர் பிற செடிகளை நெருக்கி அழிக்கிறது.

இனப்பெருக்கம்

கோடையில் இணைசேரும். குளிர்காலத்தில் பாறைப் பொந்திலோ குழியிலோ ஒன்று அல்லது இரண்டு குட்டிகள் பிறக்கும். குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் பழக்கம் கரடியினங்களில் இதற்கே உரியது. புலியிடமிருந்து குட்டிகளைக் காக்க அது உதவுகிறது. குட்டிகள் இரண்டு ஆண்டுகள் போலத் தாயுடன் இருக்கும்.

இன்றைய நிலை

மனிதரைத் தேடிவந்து தாக்கும் விலங்கல்ல. பார்வையும் செவியும் மந்தமானதால், திடீரென எதிர்ப்படுவோரையே அஞ்சித் தாக்குகிறது. இந்தியக் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் உள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது.