கிராண்ட் கான்யன் கழுதைகள்

அமெரிக்காவில், அரிஸோனாவின் கிராண்ட் கான்யன் தேசியப் பூங்காவில், 1924க்கும் 1969க்கும் இடையில் சுமார் 2,800 கழுதைகள் ஒழிக்கப்பட்டன. வங்கியில் பற்று வரவு பார்த்துப் பிழைக்கிறவன் நான். இந்த எண்ணைப் படித்ததும் எனக்கு எழுந்த கேள்வி, இதை யார் கணக்கில் பற்று எழுதுவது என்பதுதான்.

கழுதை ஆப்பிரிக்க மிருகம். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் அங்கேதான் அது பழக்கப்பட்டது. ஸ்பானியர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கமும் வெள்ளியும் தேடி மேற்குப் பாலைவனங்களில் புகுந்தவர்களின் தண்ணீரையும் கருவிகளையும் தாதுக்கல்லையும் சுமந்தது அதுதான். சுரங்கங்கள் வற்றின, ரயிலும் மோட்டாரும் வந்தன. வேலையற்றுப்போன மிருகத்தை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அது பெருகியது.

சேதம் பொய்யல்ல. செடிகொடிகளை மேய்ந்து தீர்த்தது, சரிவுகளில் தடம் போட்டு மண்ணை அரிக்கவிட்டது, ஊற்றுகளை மிதித்துச் சேறாக்கியது, பெருங்கொம்பு ஆடுகளோடு தீனிக்கும் நீருக்கும் போட்டியிட்டது. பூங்காக்காரர்கள் துப்பாக்கி எடுத்ததை வெறும் குரூரம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால், அதே கான்யனில் வாழ்ந்த ப்ரைட்டி என்ற கழுதையை நாயகனாக்கி மார்கரீட் ஹென்றி எழுதிய சிறுவர் நாவல் 1953ல் வெளிவந்தது. ஒன்று கதையில் அமரத்துவம் பெற்றது, மற்றவை புள்ளிவிவரமாயின.

1971ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, காட்டுக்குதிரைகளையும் கழுதைகளையும் மேற்கின் முன்னோடி வாழ்வுக்குச் சின்னங்கள் என்று பாதுகாத்தது. தேசியப் பூங்காக்களுக்கு அது செல்லாது. ஆக, எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் சின்னம், அந்தப் பக்கம் களை. பூங்கா மறுபடி சுடத் தீர்மானித்தபோது, க்ளீவ்லண்ட் ஆமரியின் மிருகப் பாதுகாப்பு ஸ்தாபனம் 1980-81ல் 577 கழுதைகளை உயிரோடு பிடித்து, ஹெலிகாப்டரில் தூக்கி வெளியேற்றியது.

அண்மை ஆராய்ச்சிகள் விஷயத்தை இன்னும் சிக்கலாக்குகின்றன. ஸொனோரன் பாலைவனத்தில் வறண்ட ஓடைப்படுகைகளில் கழுதைகளும் குதிரைகளும் ஒரு மீட்டருக்கும் மேல் தோண்டி நீரை எட்டுவதையும், அந்தக் குழிகளை ஐம்பதுக்கும் மேற்பட்ட பிராணிவகைகள் நாடி வருவதையும் 2021ல் பதிவு செய்தார்கள். டெத் வேலியில், பூமா கழுதையை வேட்டையாடும் ஊற்றோரங்களில் மிதிபட்ட நிலம் குறைவு என்று 2022ல் கண்டார்கள். ஊற்றைக் கெடுப்பதும் ஊற்றுத் தோண்டுவதும் ஒரே குளம்புதான். எது நடக்கும் என்பது அதைச் சுற்றி வேறு யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கான்யனின் வடகரையை ஒட்டிய கைபாப் பீடபூமியில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், மான்களைக் காப்பதாகச் சொல்லி நூற்றுக்கணக்கான பூமாக்களைக் கொன்றவர்களும் மனிதர்களே. கழுதையை அந்நிய நாசகாரன் என்பவர்களும் முன்னோடியின் சின்னம் என்பவர்களும் இந்த மனிதனைக் கதையிலிருந்து லாகவமாக நழுவவிடுகிறார்கள். முதல்வகையினர் குற்றத்தை மிருகத்தின்மேல் ஏற்றுகிறார்கள். மற்றவர்கள் பெருமையை ஏற்றுகிறார்கள். இரண்டும் சுமைதான்.

இன்று ஆப்பிரிக்கக் கொம்புமுனையில் அசல் காட்டுக்கழுதை அழிவின் விளிம்பில், சில நூறாக எஞ்சியிருக்கிறது. அதன் வம்சம் இன்னொரு கண்டத்தில் மிகையென்று சுடப்பட்டது. 2,800க்கு நேரே கழுதையின் பெயரை மட்டும் எழுதிக் கணக்கை முடிக்க என்னால் இயலவில்லை.