பியூரிட்டன்

பிறமொழிச் சொல் கலவாமல் எழுதும் ஒருவரை அண்மையில் ஒரு கட்டுரை ‘பியூரிட்டன்’ என்று குறித்திருந்தது எனக்கு உறுத்தியது. மொழித்தூய்மை பேணுபவர் ‘பியூரிஸ்ட்’. இரண்டுக்கும் வேர், ‘தூய’ என்று பொருள்படும் ‘பூருஸ்’ என்ற லத்தீன் சொல்தான். ஆனால் பியூரிட்டன் பிறந்தது 1560களின் இங்கிலாந்தில், வசைச்சொல்லாக. முதலாம் எலிசபெத் 1559இல் நிலைநாட்டிய திருச்சபையில் குருமாரின் வெள்ளை அங்கி, ஞானஸ்நானத்தில் சிலுவைக் குறி போன்ற கத்தோலிக்க எச்சங்கள் கூடாது என்றவர்களை எதிராளிகள் அப்படி ஏசினார்கள். அவர்களோ தங்களைத் தேவபக்தியுள்ளோர் என்றே சொல்லிக்கொண்டார்கள். திருச்சபைக்கும் அரசியே தலைமை என்பதால், அங்கியை மறுப்பது அரசாணையை மறுப்பதாயிற்று. சமயச்சொல் அரசியல் சொல்லானது. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, மன்னரை எதிர்த்து நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றவர்களோடு அது ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. இத்தகைய கெடுபிடிகளால், இன்று பொதுவழக்கில் அச்சொல்லுக்கு ‘இன்பத்தை வெறுப்பவர்’ என்ற பொருளே மிஞ்சியிருக்கிறது. தமிழில் மொழிக்குத் ‘தூய்மைவாதி’ இருக்கட்டும்; பியூரிட்டன்களைத் ‘திருச்சபைத் தூய்மையர்’ என்போம். எதைத் தூய்மை செய்யப் போராடினார்கள் என்பதையும் அந்தப் பெயர் சொல்லிவிடும்.