குவாட்டர் விலையும் எல்லைக் கல்லும்

கவரைப்பேட்டையில் பிரியும் ஒரு சாலை சத்தியவேட்டுக்குப் போகிறது. பிரியாமல் கல்கத்தா நெடுஞ்சாலையிலேயே வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டித் தடா. எப்படிப் போனாலும் ஆந்திரம் வந்துவிடும். 2024 அக்டோபரில் ஆந்திர அரசு மதுக்கடைகளை மறுபடி தனியாரிடம் கொடுத்து, 180 மில்லி பாட்டில் ஒன்றை 99 ரூபாய்க்கு விற்க வழி செய்தது. இங்கே அதே ஆண்டு பிப்ரவரியிலிருந்து அரசின் டாஸ்மாக் கடையில் அதே 180 மில்லி சாதாரண ரகக் குவாட்டர் 140 ரூபாய். வித்தியாசம் 41 ரூபாய்.

நான் ரோலிங் மில்லில் உலை முன்னால் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியில் பிடித்துத் திருப்பும் வேலையில் ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவனுக்கு 41 ரூபாய் என்பது என்ன என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பாலும் மறுநாள் பஸ் கட்டணமும் அதில் அடங்கும். “தடா பக்கம் போறேண்ணா, உனுக்கு எதனா வோணுமா?” என்று சம்பளத்தன்று பையன்கள் கேட்பதில் தப்பு காண எனக்கு மனம் வரவில்லை. கொண்டுவரும் வழியில் மாட்டினால் வழக்கு, வண்டி பறிமுதல். அந்தப் பயத்தோடுதான் போகிறார்கள். கையில் இருக்கும் காசுக்கு நல்ல சரக்கு எங்கே கிடைக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்கள் அலைவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வயதாகிறது.

என் தாத்தா மரமேறி. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரைக்கும் மணல் நிலத்தில் நின்ற பனைகள்தான் அவர் பிழைப்பு. விடியுமுன் ஏறிப் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார், பொழுது சாயும்போது மறுபடி ஏறுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். இறக்கிய கள் அன்றைக்கே குடித்தாக வேண்டிய பொருள், மறுநாள் புளித்துவிடும். தூரத்துக்கு அனுப்ப முடியாது, பதுக்கவும் முடியாது. அதனால் ஊருக்கு ஊர் ஒரு கள்ளுக்கடை இருந்தது. குடிக்கிறவனுக்கு இறக்குகிறவன் யார் என்று தெரியும், எந்தத் தோப்பு மரம் என்றும் தெரியும். தண்ணீர் கலந்தால் மறுநாள் ஊரே கேட்கும். அதுபோல் நம்பிக்கையான அக்கம்பக்கத்துக் கடை அதற்குப் பிறகு எங்களுக்கு அமையவில்லை என்பதே என் எண்ணம்.

அப்போதும் விலையைத் தீர்மானித்தது மரம் அல்ல, சர்க்கார். 1886ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டத்தின்படி கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி கட்டி, மரத்தில் எண் போட வேண்டும். கடையை ஏலத்தில் எடுக்க வேண்டும். ஏலம் ஏற ஏற மொந்தையின் விலை ஏறும். சாராயத்துக்கு வடிப்பாலை, குத்தகை, தனித் தீர்வை. சென்னை மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானங்களில் ஆப்காரி என்ற மதுத் தீர்வையும் ஒன்று. மரவரி கட்ட முடியாத வருஷங்களில் தாத்தா எண் போடாத மரத்தில் ஏறுவார், பிடிபட்டால் அபராதம் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ராஜாஜி முதன்முதலாக 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948 அக்டோபர் 2இல், ஓமந்தூரார் ஆட்சியில். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த எங்கள் பக்கமும் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கியது. தாத்தா பதநீர் இறக்கினார், பாட்டி வெல்லம் காய்ச்சினாள். வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும், நாள் முழுக்க ஆள் வேண்டும், கையில் வரும் காசோ கள்ளில் வந்ததைவிடக் குறைவு. வசதியுள்ளவர்கள் டாக்டர் சீட்டு வாங்கிப் பெர்மிட்டில் சீமைச் சரக்கு குடித்தார்கள். இல்லாதவர்களுக்கு முட்புதரில் ஊறல் பானை.

1960 ஏப்ரல் 1இல் எல்லை மாறியது. திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. பொன்னேரி தாலுகாவோடு கொண்டான் கொடுத்தானாக இருந்த ஊர்கள் வேறு மாநிலமாயின. ஒரே மாதிரி மண், ஒரே மாதிரி பனை. சட்டம் மட்டும் இரண்டு.

பிறகு நடந்ததெல்லாம் திறப்பதும் மூடுவதும். 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. வேண்டாம் என்று கேட்க, வயது தொண்ணூறைத் தாண்டியிருந்த ராஜாஜி மழையில் கோபாலபுரத்துக் கருணாநிதி வீடு வரை போனது பலருக்கும் நினைவிருக்கும். 1974இல் கடைகள் மூடப்பட்டன. அந்த இடைவெளியில் வார்னிஷைக் குடித்தவர்களும் உண்டு. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி கடை திறந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது, அப்போது மொத்த விற்பனைக்கு மட்டும்.

நான் மில்லில் சேர்ந்து, கையில் சம்பளம் பார்த்த காலம் அது. அப்பாவும் நானும் ஒரே கள்ளுக்கடையில் வேறு வேறு நேரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்ற மரியாதை இருந்தது. 1987 ஜனவரி 1இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. பாட்டிலில் அடைத்த சீமைச் சரக்குக்குத் தடை இல்லை. சாராயத்தை நிறுத்தியதை நான் குறை சொல்லமாட்டேன், அது எத்தனை வீட்டை எரித்தது என்று பார்த்திருக்கிறேன். ஆனால் கள்ளையும் அதோடு சேர்த்துக் கட்டிப் போட்டது பெரிய அநியாயம். கள்ளில் ஆல்கஹால் நான்கிலிருந்து ஆறு சதவீதம் இருக்கும். குவாட்டரில் இருப்பது 42.8 சதவீதம். லேசானதைத் தடுத்துக் கடினமானதை விற்றார்கள். தாத்தாவைப் போல மரமேறியாக இருந்த அப்பா அந்த வருஷம் ஏறுவதை நிறுத்தினார். தோப்புப் பனைகள் ஒவ்வொன்றாகச் செங்கல் சூளைக்கு விறகாயின.

ஏழைக்கு மலிவு பாட்டில் என்று அரசே யோசித்த காலமும் உண்டு. 1990இல் தி.மு.க. அரசு மலிவு விலை மதுவைக் கொண்டுவந்தது. 1991இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் அதை நிறுத்தினார். மிஞ்சியவை ஏலம் எடுத்த தனியாரின் ஒயின் ஷாப்புகள்.

அந்த ஒயின் ஷாப் காலத்தில்தான் எங்கள் எல்லை தலைகீழாகத் திரும்பியது. நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் பெண்கள் சாராயக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது ஆந்திரம் முழுக்கப் பரவி, 1995 ஜனவரியில் என்.டி.ராமாராவ் முழு மதுவிலக்கு அறிவித்தார். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்ற பெண்கள் தொடங்கிய போராட்டம் அது, இன்றும் மதிப்போடு நினைக்கிறேன். 1997இல் சந்திரபாபு நாயுடு தடையைத் தளர்த்தும் வரை ஆந்திரத்து ஆட்கள் எங்கள் பக்கம் வந்தார்கள். சூலூர்ப்பேட்டை ரயிலில் வந்து கும்மிடிப்பூண்டியில் இறங்குவார்கள். திரும்பும்போது வேட்டி மடிப்பிலும் காய்கறிக் கூடைக்கு அடியிலும் பாட்டில் இருக்கும். கடைக்காரர்களுக்குத் தெலுங்கு சரளமாக வந்தது, விலையும் ஏறியது. உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலை, வெளியூர்க்காரனுக்கு ஒரு விலை என்று பார்த்து விற்ற கடைகள் இருந்தன. ஒரே விலை சொன்ன கடைக்காரர் ஒருவரும் இருந்தார். சம்பளத்துக்கு முந்தைய வாரம் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுப்பார். மூன்றாவது முறை கடன் கேட்டால், “வீட்டுக்குப் போப்பா” என்று சொல்லிவிடுவார். நல்ல கடை என்றால் எனக்கு இன்றும் அவர்தான்.

2003 நவம்பர் 29இல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பட்டம் படித்த இளைஞர்கள், குறைந்த தொகுப்பூதியத்தில். இந்தப் பக்கம் நீட்டிய கை. என்ன ரகம் இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். திராட்சை ஒயின் வேண்டும் என்று கேட்கிறவர் சென்னை மால்களின் எலைட் கடைக்குப் போக வேண்டும், கம்பத்துத் திராட்சை விளையும் மாநிலத்தில் இருந்துகொண்டு. அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் வாங்குகிறார்கள் என்ற புகார் தமிழ்நாடு முழுக்க உண்டு. 2003-04இல் 3,639 கோடியாக இருந்த அரசின் மது வருவாய் 2024-25இல் 48,344 கோடி ரூபாய். அதில் ஏழை கொடுத்தது எவ்வளவு என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றுக்கு மாற்று இடம் தேடி வீடுகளுக்கும் வயல்களுக்கும் நடுவில் நுழைந்தபோது பல ஊர்களில் பெண்கள் வழிமறித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்தது சரி. நெடுஞ்சாலையிலும் வேண்டாம், குடியிருப்பிலும் வேண்டாம் என்றால் எங்கே என்று யாரும் ஊர் மக்களைக் கூட்டி வைத்துக் கேட்கவில்லை.

140 ரூபாய் கொடுக்க முடியாதவன் வேறு எதையோ குடிக்கிறான். 2023 மே மாதம் மரக்காணத்திலும் சித்தாமூரிலும் 20 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல். இரண்டிலும் மெத்தனால். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். நூறு வருஷக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால், மலிவான நல்ல பானம் எட்டாமல் போன போதெல்லாம் மலிவான விஷம் வந்திருக்கிறது.

குடி நல்லது என்று நான் வாதாட வரவில்லை. குடியால் அண்ணனை இழந்தவன் நான். ஆனால் எங்கள் வடக்கெல்லைக்கு அந்தப் பக்கம் சங்கம் வைத்து, உரிமம் பெற்று, பகலிலேயே பனங்கள் விற்கிறார்கள். இந்தப் பக்கம் அதே கள்ளை இறக்கினால் கைது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் பேரில் அரசே ஆயிரக்கணக்கில் கடை நடத்தலாம் என்றால், அதே சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து பனையேறிகள் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கள் உரிமம் கொடுக்கவும் முடியும். டாஸ்மாக்கில் அச்சிட்ட விலைக்குமேல் ஒரு பைசா வாங்காமல் ரசீது கொடுக்க வைக்கவும் முடியும். திருவள்ளூர் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், இந்த இரண்டையும் சபையில் கேட்க வேண்டும். வாசிக்கும் நீங்களும் உங்கள் தொகுதிக்காரரிடம் கேளுங்கள். பனை மிச்சமிருக்கும்போதே கேளுங்கள்.