தோலும் குருதியும் கூறும் சான்று

சித்தூரும் திருப்பதியும் 1953 வரை சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்திருந்தன. எல்லை மாறிய பின்னரும் அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. 1960இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி தோன்றியது. அங்கேயாயினும், நாம் குடியேறிய வேறெந்த ஊரிலாயினும், ஊசி போடுமுன் மருத்துவர் கேட்கும் வினா ஒன்றுண்டு: "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா?" இவ்வினாவிற்குப் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு உள்ளது.

1921இல் ஜெர்மானிய மருத்துவர் இருவர் ஒரு சோதனை செய்தனர். கூஸ்ட்னர் என்பாருக்கு மீன் ஆகாது. அவரது குருதித் தெளிநீரைப் பிரௌஸ்னிட்ஸ் தம் தோலில் சிறிது ஏற்றிக்கொண்டார். மறுநாள் அவ்விடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் தோல் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமையின் காரணம் குருதியில் உலவுகிறது என்பது புலனாயிற்று. அப்பொருளை 1966இல் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்தனர். 1968இல் அதற்கு ஐ.ஜி.இ. என்ற பெயர் நிலைபெற்றது.

இதற்கிடையே, பிளெமிங் 1928இல் கண்ட பெனிசிலின் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் அதனை ஆக்குவதற்கு 1954இல் பூனாவை அடுத்த பிம்பிரியில் அரசாங்க நிறுவனம் அமைந்தது. எண்ணற்ற உயிர்களைக் காத்த அம்மருந்தே சிலருக்கு மூச்சுத் திணறலையும் மயக்கத்தையும் விளைத்தது. உடலில் சிதைந்த பெனிசிலின், புரதத்தோடு ஒட்டி ஒவ்வாப் பொருளாகிறது என்பதை 1960ஐ ஒட்டி அறிஞர் தெளிந்தனர்.

இன்று அதற்குரிய கரைசலை முதலில் தோலின் மேற்புறத்தில் குத்தியும், பின்னர்த் தோலினுள் ஏற்றியும், சுமார் 20 நிமிடம் பார்க்கின்றனர். குருதிச் சோதனையோ அம்மருந்துக்குரிய ஐ.ஜி.இ.யைத் தேடுகிறது. அதில் ஒன்றும் தென்படாமையால் மட்டும் அச்சம் நீங்கிவிடாது. சில நாள் கழித்துத் தோன்றும் கொடிய கொப்புளங்களை இவ்விரு சோதனைகளும் முன்னறிவிப்பதில்லை. ஆதலின் நோயாளி கூறும் வரலாறே முதற் சான்றாகும்.

அவ்வரலாறும் பிழைபடலாம். தமக்குப் பெனிசிலின் ஆகாதென எண்ணுவோருள் பெரும்பாலோர், முறையாகச் சோதித்தபின் அதனை ஏற்கின்றனர். கீல்வாதக் காய்ச்சலால் இதயம் பழுதுற்ற சிறுவனுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை அவ்வூசி தேவை. வீண் அச்சத்தால் அதனை நிறுத்துதல் பெருந்தீங்காகும். மெய்யான ஒவ்வாமையைக் கூறாது மறைத்தலும் அத்தகையதே.

ஆகவே மருந்தின் பெயர், ஆண்டு, நேர்ந்த துன்பம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருப்போம். மருத்துவர் பேசும் மொழி நமக்கு விளங்காத ஊரில் அத்தாள் நமக்குப் பெருந்துணையாகும்.