முன்றிலில் பொரித்த மீன்: தொண்டை நாட்டுக் கரையின் பழைய உணவுக்கடைகள்

கிரேக்கக் கடலோரங்களில் தவெர்னா எனப்படும் எளிய உணவுக்கடைகள், மீனையும் இறைச்சியையும் கரியனலில் சுட்டுத் திராட்சை மதுவோடு குறைந்த விலைக்குப் பரிமாறுவன. அவற்றை ஒத்த கடைகள் தமிழகக் கரையிலும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தமைக்குச் சங்க இலக்கியம் சான்று தருகிறது. அவற்றுள் தெளிவான இரண்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் ஒரே புலவரின் பாட்டுகளில் அமைந்திருப்பது கருதத்தக்கது.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், மீனையும் இறைச்சியையும் அறுத்துப் பொரிக்கும் ஓசை நிறைந்த முன்றில்களில், அதாவது வீட்டு முன்வெளிகளில், மணல் பரப்பிப் பூத் தூவிக் கள் விற்பதை அறிவிக்கும் கொடி நாட்டியிருந்த செய்தி வருகிறது. அந்நகரின் உழைக்கும் மக்கள் சுட்ட கடல் இறாலையும் அவித்த வயல் ஆமையையும் தின்றதையும் அப்பாட்டு சொல்கிறது. விலையைப் புலவர் குறிக்கவில்லை. ஆயினும் கொடி கட்டி அழைக்கும் கடை, வழியோடு போகிறவனை நோக்கியதேயன்றி அரண்மனையை நோக்கியதாக இருக்க முடியாது.

தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குப் பாணனை வழிப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படை, இன்றைய வண்டலூர் அடங்கிய செங்கல்பட்டு வட்டாரத்துக் கரைக்கே நம்மை அழைத்து வருகிறது. அறிஞர் சிலர் மாமல்லபுரத்தோடு பொருத்தும் நீர்ப்பெயற்று என்னும் துறையை அடுத்துக் கள் அடும் பெண்களின் மனைகளில், குழியில் அடைத்து மாவூட்டிக் கொழுக்க வைத்த ஆண்பன்றியின் இறைச்சி கள்ளோடு கிடைக்கும் என்று பாணனுக்கு அது சொல்கிறது. பன்றியை எப்படி வளர்த்தார்கள் என்பது வரை சொல்லும் இப்பகுதி, சமையல் வரலாறு எழுதுவோர் தவறவிடக் கூடாதது.

கிரேக்கர் உள்ளிட்ட மேலைநாட்டாரைத் தமிழர் யவனர் என்றனர். பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் 1970ஆம் ஆண்டு அகழாய்வில், மதுவும் எண்ணெயும் கப்பலில் ஏற்றிவரப் பயன்பட்ட இருபிடிச் சாடிகளாகிய ஆம்போராக்களின் ஓடுகள் வெளிப்பட்டன. 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும் அவ்வகைச் சாடிகள் மிகுதி. ஆனால் யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்திக் கொடுக்கப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதாகவே நக்கீரரின் 56ஆம் புறநானூற்றுப் பாட்டு காட்டுகிறது. மணல் முன்றிலில் ஊற்றப்பட்டது உள்ளூர்க் கள்ளே என்று கொள்வதே பொருத்தம்.

இன்று வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியே கோவளம் செல்வோர் அங்கே காணும் வஞ்சிரமும் சங்கராவும், போர்த்துக்கீசியர் வழிவந்த மிளகாயை அரைத்துத் தடவித் தோசைக்கல்லில் பொரிக்கப்படுபவை. சங்க காலத்து அடுப்புக்கு மிளகு உண்டு, மிளகாய் இல்லை. மீனும் முன்வெளி வியாபாரமும் நிலைத்திருக்கக் கள் மட்டும் பிரிந்துபோனது: 1987 முதல் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை நீடிக்கிறது, பிற மதுவின் சில்லறை விற்பனையோ 2003 முதல் டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனத்தின் தனியுரிமை.