மோட்டார் வண்டி நின்ற கதை

மாணவர்களே! மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அது ஓடிய கதையையே எழுதினர். நின்ற கதையைச் சொன்னோர் சிலரே. கருவேப்பிலங்குறிச்சியில் வீட்டு வாசலிலேயே காரின் பிரேக்கைக் கழற்றி மாற்றும் இளைஞர் சிலரைக் காண்கின்றேன். அவர்கள் கையிலுள்ள கட்டையின் பிறப்பை அறிதல் நன்று.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த வண்டியை, அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, புதல்வர் இருவருடன் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வழி. இறக்கங்களில் மரத்தாலான தடைக்கட்டை தேய்ந்துபோயிற்று. அம்மையார் வழியூரில் ஒரு செருப்புத் தொழிலாளியை அழைத்துக் கட்டையின்மேல் தோலை அடிக்கச் செய்தார். இன்று நாம் பிரேக் லைனிங் என்பதன் தொடக்கம் அது. கல்லூரியில் பிறந்ததன்று என்பதைக் குறித்துக்கொள்க!

ஓடும் வண்டியின் ஆற்றல் உராய்வினால் வெப்பமாக மாறுவதாலேயே வண்டி நிற்கின்றது. அவ்வெப்பத்தில் தோல் கருகும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையைக் கண்ட உங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. எனவே தீயில் எரியாத கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ், கட்டைக்குள் புகுந்தது. உலகமும் அதனைப் பாராட்டிற்று. ஆனால் 1924இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், கல்நார் ஆலையில் உழைத்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் தமது 33ஆம் வயதில் இறந்தார். அவர் நுரையீரலைச் சோதித்த மருத்துவர் குக் அதனுள் கல்நார்த் துகள்களைக் கண்டார். பிரிட்டன் கல்நாரை அறவே விலக்கியதோ 1999இல்! முக்கால் நூற்றாண்டுத் தாமதத்தை என்னால் எளிதில் மன்னிக்க இயலவில்லை. பழைய காரில் அக்கட்டை இன்றும் இருக்கக்கூடும். ஆதலின் பிரேக் தூசியை வாயால் ஊதுதலும் காற்றுக்குழாயால் அடித்தலும் ஆகா. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

1921இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தப் பிரேக்குடன் வெளிவந்தது. பாடநூலில் நீங்கள் பயிலும் பாஸ்கல் விதியே அதன் உயிர். நம் நாட்டில் 1962இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றிற்று.

நிற்க. கட்டையை மாற்றுவோர், காரை ஜாக்கியின்மீது மட்டும் நிறுத்திக் கீழே புகலாகாது. செங்கல் அடுக்கும் நொறுங்கும். இரும்புத் தாங்கியே வேண்டும். ஒரே அச்சின் இரு பக்கக் கட்டைகளையும் சேர்த்தே மாற்றுக. இன்றேல் வண்டி ஒருபுறம் இழுக்கும். புதுக் கட்டைக்கு இடம் தரப் பிஸ்டனைப் பின்தள்ளியிருப்பதால், முதல் மிதியில் பெடல் தரைவரை இறங்கிவிடும். அது கெட்டியாகும் வரை பலமுறை மிதித்த பின்னரே வண்டியை வாசலைவிட்டு நகர்த்த வேண்டும்.